மாஸ்டரின் கால்

மாஸ்டர் முப்பத்தொரு வருஷத்தில் நாலாயிரம் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, பதிவேட்டில் பேர் பேராக இருக்கிறது. "என்கிட்ட வந்து கத்துக்காம போனது ஒரே ஒரு ஆள்தான்" என்று புதிதாகச் சேர வருகிறவர்களிடம் சொல்வார். யார் என்று அவர்கள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். முன்னறை மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பதிவேடு எழுதிக்கொண்டிருக்கும் தன் மனைவியைத் தாடையால் காட்டுவார். வந்தவர்கள் சிரிப்பார்கள். மாஸ்டரம்மாவும் கூடவே சிரித்துவிட்டு, "முழுப் பேரு, வயசு சொல்லுங்க" என்பாள்.

அந்த மாஸ்டரம்மாவுக்கு லைசென்ஸ் கிடைத்து ஏழு மாதம் ஆகிறது. இடுப்பில் செருகியிருக்கும் சின்னப் பர்ஸில், நாலாக மடித்த ஒரு பிளாஸ்டிக் தாளுக்குள் பத்திரமாக இருக்கிறது. மாஸ்டருக்குத் தெரியாது.

கல்யாணமான மூன்றாம் வருஷம் மாஸ்டர் அவளுக்குச் சொல்லித்தர உட்கார்ந்தது உண்மைதான். டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லித்தருகிறவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். தபாலாபீஸ் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவதற்குள் அவர் அதை நாற்பத்தொரு தடவை மிதித்தார். அவள் எண்ணிக்கொண்டே வந்தாள். முனை வந்ததும் சாவியை அவர் மடியில் போட்டுவிட்டு இறங்கி நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். "உனக்கு வராது" என்று அவரும், "வரவே வேண்டாம்" என்று அவளும் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஐம்பதாவது வயதில் அவளுக்கு மறுபடி ஆசை வந்துவிட்டது. பக்கத்துத் தெருத் தையல்கார அக்கா மாஸ்டரிடம் கற்றவள், சொந்தமாக ஒரு பழைய வண்டி வைத்திருப்பவள். மாஸ்டர் தனக்குச் சொன்னதையெல்லாம் ஒரு வார்த்தை பிசகாமல் அவள் மாஸ்டரம்மாவுக்குச் சொல்லித்தந்தாள். பக்கத்தில் பிரேக் மட்டும்தான் இல்லை. மூன்றே மாதத்தில் லைசென்ஸ் வந்தது. அப்புறம் மாஸ்டருக்குக் கண் ஆபரேஷன் ஆகி, கட்டுப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் உள்ளறையில் படுத்திருந்த சமயம் பார்த்து, சாவிக்கடைக்காரர் தன் கருவியோடு வந்து ஸ்கூல் காருக்கு மூன்றாவதாக ஒரு சாவி செய்து, வண்டியில் பதித்தும் கொடுத்துவிட்டுப் போனார்.

"வாசல்ல யாரு?" என்று உள்ளிருந்து கேட்டார் மாஸ்டர்.

"சாவிக்காரரு. பீரோவுக்கு."

மாஸ்டர் தினமும் ஒன்றரை மணிக்குப் படுத்தால் மூன்று மணிவரை இடி விழுந்தாலும் அசைய மாட்டார். வாரத்தில் இரண்டு நாள் அந்த நேரத்தில் மாஸ்டரம்மா வண்டியை எடுப்பாள். ஊருக்கு வெளியே நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் ஒரு மரம் இருக்கிறது. அதனடியில் நிறுத்தி, பிளாஸ்கில் கொண்டுபோன டீயைக் குடித்துவிட்டு, யார் பேரையும் எழுதாமல், யாருக்கும் பதில் சொல்லாமல் கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். வாழ்க்கையில் இந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் இத்தனை பாடும் பட்டோம் என்று அவளுக்குத் தோன்றும். பிறகு திரும்பி வந்து, சீட்டைப் பழையபடி பின்னுக்குத் தள்ளி வைத்துவிட்டு, பதிவேட்டின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். பெட்ரோல் குறைகிறதே என்று மாஸ்டர் மண்டையைக் குடைந்துகொண்டார். எங்கோ ஒழுகுகிறது என்று முடிவுகட்டி, குப்புறப் படுத்து வண்டியின் வயிற்றை மோந்து பார்த்து, பெட்ரோல் குழாயை இரண்டு தடவை மாற்றினார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, அந்தச் சனிக்கிழமை மழை வரும்வரை. ரயில் பாலத்தடியில் தேங்கிய தண்ணீரின் ஆழம் தெரியாமல் இறக்கிவிட்டாள். வண்டி இருமிக்கொண்டே எப்படியோ வீடு வந்து சேர்ந்தது. மறுநாள் ஞாயிறு, மாஸ்டர் மாதம் ஒரு தடவை வண்டி கழுவும் நாள். பானெட்டைத் திறந்து எஞ்சினுக்கும் ஒரு பீய்ச்சு பீய்ச்சினார். அதற்கப்புறம் சாவியைத் திருப்பினால் வண்டி மூச்சே விடவில்லை. எஞ்சினை ஆட்டிவைக்கிற கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் போய் அது செத்துவிட்டது, புதிதுதான் போட வேண்டும் என்று மெக்கானிக் சொன்னார்.

"என் கையாலேயே கொன்னுட்டேன்" என்று மாஸ்டர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

மாஸ்டரம்மா அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயையும் எடுத்தாள். ஆனால் மறுநாள் காலையில் கண் விழித்தால் கட்டிலருகே காப்பி நிற்கிறது. இருபத்தொன்பது வருஷத்தில் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாத மனுஷன், குற்ற உணர்ச்சியில் தேடிக் கண்டுபிடித்துப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் வாங்கிக் குடித்தாள். மறுநாளும் காப்பி வந்தது. ஒன்பது நாள் ஒன்பது காப்பி. உண்மையைச் சொன்னால் காப்பி நின்றுவிடும் என்பது மட்டுமே காரணம் இல்லை. அதுவும் ஒரு காரணம்.

பத்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு, மெக்கானிக் அனுப்பிய லேப்டாப்காரர் புதுக் கம்ப்யூட்டர் பெட்டியோடு வந்தார். நாற்பது வயது இருக்கும், ஒட்டடைக்குச்சி உடம்பு. நோயாளி வீட்டுக்குள் நுழைகிற டாக்டரைப் போலத் தணிந்த குரலில்தான் பேசினார். தகரக் கூரையடியில் நின்ற காரின் பானெட்டைத் திறந்து, நாலு போல்ட்டும் இரண்டு அகலமான பிளக்கும் கழற்றி, பழைய பெட்டியை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார். பேட்டரியில் ஒரு சார்ஜரை மாட்டினார்.

"புதுப் பொட்டி பொறந்த குழந்தை மாதிரி சார். இது என்ன வண்டி, என்ன எஞ்சின், சாவி எது, ஒண்ணும் தெரியாது. எல்லாத்தையும் நாமதான் சொல்லித்தரணும்."

"சொல்லித்தர்றதுதானே தம்பி நம்ம தொழிலே" என்றார் மாஸ்டர். பத்து நாளில் முதல் தடவையாக அவர் முகம் தெளிந்திருந்தது.

"வண்டி யாரு பேர்ல சார்?"

"இவ பேர்லதான்."

"அப்ப அக்கா டிரைவர் சீட்ல உக்காருங்க. நான் யாரோட சாவியையும் தொடறதில்ல. ஒரு எடத்துல தொட்டு, நான்தான் கள்ளச்சாவி போட்டேன்னு பேர் வந்துருச்சு. அதுலேர்ந்து சொந்தக்காரங்க கையாலதான்."

அவள் டிரைவர் சீட்டில் ஏறினாள். சீட் தூரத்தில் இருந்தது. முன்னால் இழுக்கும் நெம்புகோலுக்குக் கை தானாகப் போனது, சட்டென்று எடுத்துக்கொண்டாள். மாஸ்டர் சுற்றி வந்து தன்னுடைய சீட்டில் உட்கார்ந்தார். வேறு எந்த சீட்டிலும் அவருக்கு உட்காரத் தெரியாது. லேப்டாப்காரர் பின்சீட்டில் அமர்ந்து, ஒயரை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினார்.

"டாஷ்போர்டுக்குப் பின்னாடி சாவிய காவல் காக்கறதுக்குன்னே ஒரு குட்டிப் பொட்டி இருக்கு. மொதல்ல அதைப் படிச்சுப் பாத்துடறேன்." படித்தார். "சரி, மூணு சாவியையும் எடுத்து வெச்சுக்குங்க."

இடுப்பில் பர்ஸுக்குள் கிடந்த மூன்றாம் சாவியை மாஸ்டரம்மா புடவைக்கு மேலாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"மூணா? ரெண்டுதான் தம்பி" என்றார் மாஸ்டர். இரண்டு சாவியையும் எடுத்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் 1, 2 என்று எழுதியிருந்தது. வீட்டில் வாளிக்குக்கூட நம்பர் எழுதுகிறவர் அவர்.

"மூணு பதிஞ்சிருக்கு சார்."

"அப்ப எனக்கு வித்த ஆளுகிட்ட ஒண்ணு தங்கியிருக்கும். பாத்தியா? குடுக்காம வெச்சிருக்கான் படுபாவி."

"அதனால பரவால்ல சார். பழைய பதிவையெல்லாம் அழிச்சிட்டுத்தான் புதுசா பதிவோம். இன்னைக்கு இங்க இல்லாத சாவி செத்துரும். அப்புறம் வெறும் இரும்புத்துண்டு."

"சாகட்டும். நல்லா சாகட்டும்" என்றார் மாஸ்டர் திருப்தியாக. "என்ன சொல்ற?"

"ம்" என்றாள் அவள்.

லேப்டாப்காரர் விதிகளைச் சொன்னார். முதலில் பாடம் ஏற வேண்டும், அதற்கு முப்பத்தெட்டு நிமிஷம். அதுவரை கதவு திறக்கக் கூடாது, கண்ணாடி இறக்கக் கூடாது, ஏசி, லைட், ஹாரன் எதுவும் கூடாது. கரண்ட் ஒரு சொட்டு ஏறி இறங்கினாலும் பாடம் பாதியில் அறுந்துவிடும். இரண்டு மூன்று தடவை அப்படி அறுந்தால் புதுப் பெட்டியும் போய்விடும். "சாவி ஆன் பண்ணுங்க அக்கா." அவள் ஒன்றாம் சாவியைப் போட்டுத் திருப்பினாள். லேப்டாப்பில் ஒரு பச்சைக் கோடு நகரத் தொடங்கியது.

பன்னிரண்டு சதவீதம் வந்தபோது, வியர்த்த கையைத் துடைத்துவிட்டு மாஸ்டரம்மா அதைக் கியர் மேல் வைத்தாள். வேறு ஒன்றும் செய்யவில்லை. தடக் என்று ஒரு சத்தம். வண்டிக்கு மேலிருந்த ஸ்கூல் போர்டிலிருந்து செக்கச்சிவந்த வெளிச்சம் பானெட்டில் விழுந்தது. பச்சைக் கோடு நின்றுவிட்டது.

"யாரு பிரேக்கை மிதிச்சது?"

மாஸ்டர் தன் காலையே பார்த்தார். "நான் மிதிக்கல தம்பி. கால் மிதிச்சிருச்சு."

"பிரேக் லைட்டுக்கு இவ்ளோ கரண்ட் இழுக்காதே."

"மேல போர்டுல நாலு பல்பு சேத்து வெச்சிருக்கேன். பின்னாடி வர்றவனுக்கு நல்லாத் தெரியணும்னு. என்னோட ஐடியாதான்" என்றார் மாஸ்டர். அதைச் சொல்லும்போது அந்த நிலைமையிலும் ஒரு துளி பெருமை இருந்தது.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒன்பது சதவீதத்தில் அவள் இருமினாள். கால் மிதித்துவிட்டது. ஓட்டுகிற சீட்டில் ஒருவர் உட்கார்ந்து சாவியும் ஆனில் இருந்தால், அந்தக் கால் மாஸ்டரைக் கேட்டுக்கொண்டு எதையும் செய்வதில்லை. முப்பத்தொரு வருஷப் பழக்கம்.

"பின்னாடி வந்து உக்காருங்களேன் சார்."

"பின்னாடி உக்காந்தா எனக்குத் தலை சுத்தும்."

லேப்டாப்காரர் கண்ணை மூடித் திறந்தார். "அப்ப காலைத் தூக்கி சீட்டு மேல வெச்சு, சம்மணம் போட்டுக்குங்க. நான் சொல்ற வரைக்கும் எறக்காதீங்க. இன்னொரு தடவை அறுந்தா நான் பொறுப்பில்ல."

மாஸ்டர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முழங்கால் ஒன்று கதவிலும் மற்றொன்று கியரிலும் இடித்தது. இரண்டு கட்டைவிரலையும் கையால் பிடித்துக்கொண்டார், அவை தப்பித்து ஓடிவிடும் என்பதைப் போல. மூன்றாம் தடவை பச்சைக் கோடு நகர்ந்தது.

தகரக் கூரையடியில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் மூன்று பேர் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாஸ்டரம்மாவுக்குக் கழுத்தெல்லாம் வியர்த்துக் கொட்டியது. இடுப்பில் இருந்த பர்ஸ் மட்டும் நெருப்புத்துண்டாகச் சுட்டது. சாவியை எடுத்தால் மானம் போகும், எடுக்காவிட்டால் மரத்தடி போகும். செத்த சாவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இன்னொரு தடவை அவருக்குக் கண் ஆபரேஷனா வரப்போகிறது?

நேரம் போக வேண்டுமே என்று லேப்டாப்காரர் செத்த பெட்டியை மடியில் வைத்து மூடியைக் கழற்றினார்.

"சார், எஞ்சினை எந்தத் தண்ணில கழுவினீங்க?"

"குழாய்த் தண்ணிதான். ஏன்?"

"உள்ள சேறு காஞ்சு கெடக்கு. ஒரு இலைகூட இருக்கு."

மாஸ்டர் சம்மணத்தோடு கழுத்தை மட்டும் திருப்பி, அந்த இலையை வாங்கிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"குழாயில இலை வருதுன்னா என்ன லட்சணத்துல தண்ணி விடறாங்க? இன்னைக்கே ஒரு மனு எழுதணும். இதைத்தானே நாம குடிக்கிறோம்" என்றார். இலையைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "யாரு தண்ணியா இருந்தா என்ன, பீச்சினது என் கை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்த ஒரு வார்த்தை அவளைக் குத்தியது. ஒன்பது காப்பியும் நெஞ்சுக்குள் திரும்பி வந்து நின்றன.

நூறு சதவீதம் ஆனது. லேப்டாப்காரர் நிமிர்ந்தார். "பாடம் ஏறிடுச்சு. இப்ப சாவி. கதவு இன்னும் தொறக்கக் கூடாது. காலும் எறக்கக் கூடாது." ஒன்றாம் சாவியைக் கழற்றி மறுபடி போடச் சொன்னார். மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கி அணைந்தது. இரண்டாம் சாவிக்கும் அதேபோல் அணைந்தது.

"இன்னும் சாவி இருக்கான்னு கேக்குது. அறுபது செகண்ட் டைம் குடுத்திருக்கு. இல்லைன்னு அமுத்திடவா?"

"அமுத்துங்க" என்றார் மாஸ்டர்.

"இருங்க" என்றாள் மாஸ்டரம்மா.

இடுப்பிலிருந்து பர்ஸை எடுத்தாள். ஜிப் சிக்கிக்கொண்டது. "நாப்பது" என்றார் லேப்டாப்காரர், பழக்கதோஷத்தில். பல்லால் கடித்து இழுத்தாள். "இருபத்தி ரெண்டு." நம்பர் எழுதாத சாவி ஒன்று வெளியே வந்தது. அவள் அதைப் போட்டுத் திருப்பியபோது லேப்டாப்பில் ஒன்பது செகண்ட் மிச்சம் இருந்தது. சிவப்பு விளக்கு மினுக்கியது, யோசித்தது, அணைந்தது.

"மூணும் பதிஞ்சிருச்சு" என்ற லேப்டாப்காரர், முன்னால் இருந்த இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டு இன்னும் தணிந்த குரலில், "சேவ் ஆக நாலு நிமிஷம். கதவு தொறக்க முடியாது. இல்லாட்டி நான் எறங்கியிருப்பேன்" என்றார்.

மாஸ்டரின் வலதுகால் துடித்தது. கையால் இறுக்கிப் பிடித்தார்.

"அது யாரோடது?"

"என்னோடது."

"உனக்கு எதுக்குச் சாவி?"

"ஓட்டறதுக்கு."

"எதை?"

"இதைத்தான்."

லைசென்ஸை எடுத்து அவரிடம் நீட்டினாள். மாஸ்டர் அதைக் கை நீட்டித் தூர வைத்துப் படித்தார். முன்னாலும் பின்னாலும் பார்த்தார். கத்துவார் என்று அவள் காத்திருந்தாள். அவருக்கு முதலில் கேட்கத் தோன்றியது வேறு.

"ஒரே தடவையில பாஸா?"

"ஒரே தடவை."

"ரிவர்ஸ் எடுக்கச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க. கம்பத்துல படல."

"யாரு சொல்லிக்குடுத்தா?"

"தையல்கார அக்கா."

"அவ நாலு தடவை ஃபெயிலானவ."

"அதனாலதான் எங்கெங்க தப்பு வரும்னு அவங்களுக்கு நல்லாத் தெரியுது."

பின்சீட்டில் ஒரு இருமல் கேட்டது. மாஸ்டர் லைசென்ஸை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு ஒவ்வொன்றாக அவருக்குக் கோர்வை கிடைத்தது.

"அப்ப பெட்ரோல் ஒழுகினது?"

"ஒழுகல."

"ரெண்டு தடவை குழாய் மாத்தினேனே."

"பழசுதானங்க. மாத்தினது நல்லதுதான்."

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து இலையை எடுத்தார். "இது?"

"பாலத்தடித் தண்ணி. சனிக்கிழமை மழையில நான்தான் எறக்கிட்டேன்." அவள் குரல் இறங்கியது. "நீங்க கழுவறதுக்கு முன்னாடியே தண்ணி உள்ள போயிருக்கும். உங்க மேல தப்பே இல்ல. அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது பெரிய தப்பு."

"ஒன்பது நாள் காப்பி போட்டேன்."

"நல்லாத்தான் இருந்துச்சு. சக்கரைதான் கொஞ்சம் ஜாஸ்தி."

"ஏன் என்கிட்ட கேக்கல? நான் சொல்லித்தர மாட்டேனா?"

"கேட்டேனே. நாப்பத்தொரு தடவை மிதிச்சீங்க."

"அது இருபத்தாறு வருஷம் முன்னாடி."

"கால் அதே கால்தான?"

மாஸ்டர் தன் காலைப் பார்த்தார். கட்டைவிரல்கள் கைக்குள் வெளுத்துப்போய் இருந்தன.

"முடிஞ்சுது" என்றார் லேப்டாப்காரர், ஜெயிலிலிருந்து வெளியே வருகிறவரின் குரலில். "சார், இனிமே காலைத் தொங்கப் போட்டுக்கலாம். அக்கா, ஸ்டார்ட் பண்ணுங்க."

அவள் திருப்பினாள். வண்டி ஒரு தடவை குலுங்கி, சீராக உறுமத் தொடங்கியது. பத்து நாளாக அந்த வீட்டில் கேட்காத சத்தம்.

லேப்டாப்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே குதித்தார். சார்ஜரைக் கழற்றிப் பானெட்டை மூடினார். "இப்ப ஒரு அஞ்சு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க. புதுப் பொட்டி எஞ்சினைக் கத்துக்கணும். சீரா போகணும். தேவையில்லாம பிரேக் மிதிச்சா கத்துக்காது. யாரு ஓட்டினாலும் சரி. நான் இங்கயே நிழல்ல இருக்கேன்."

மாஸ்டரம்மா சீட்பெல்ட்டைத் தொட்டபடி காத்திருந்தாள். எழுந்திரு என்று அவர் சொல்லிவிட்டால் எழுந்துவிடுவதுதான், வேறு வழியில்லை. இத்தனை நாள் பொய்க்கு அந்தத் தண்டனைகூட இல்லாமல் எப்படி என்றும் தோன்றியது. மாஸ்டர் தன் சீட்பெல்ட்டை இழுத்தார். மடக்கி வைத்த முழங்காலுக்கு மேலாகச் சுற்றிக்கொண்டுவந்து, இரண்டு மூன்று தடவை தடுமாறி மாட்டினார்.

"காலை எறக்கலாம்னு சொன்னாருங்க" என்றாள்.

"காதுல விழுந்துச்சு. நீ போ."

அவள் நெம்புகோலைப் பிடித்துச் சீட்டை இரண்டு படி முன்னால் இழுத்தாள், ஒளிக்காமல். கண்ணாடியைச் சரிசெய்தாள். கிளட்சை விட்டாள். வண்டி வீட்டு வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியது.

தபாலாபீஸ் தெருவில் பாதிப்பேர் மாஸ்டரிடம் கற்றவர்கள். மாஸ்டரம்மா ஓட்ட, மாஸ்டர் முன்சீட்டில் சாமியார் போலச் சம்மணம் போட்டு வருவதை அவர்கள் பார்த்தார்கள். பேங்க் வாட்ச்மேன் வழக்கம்போல சல்யூட் வைத்தார், வைத்த கையை எடுக்க மறந்துவிட்டார். தையல்கார அக்கா ஊசியும் நூலுமாகக் கடைவாசலில் நின்றவள், மாஸ்டரைப் பார்த்ததும் உள்ளே ஓடிவிட்டாள். மருந்துக்கடை முன்னால் ஒரு லாரி பின்னுக்கு வந்தது. மாஸ்டரின் முழங்கால் எகிறியது. கட்டைவிரலை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது மாஸ்டரம்மா அவள் பிரேக்கை அவளே மிதித்து வேகத்தைக் குறைத்திருந்தாள். லாரி போனதும் கியர் மாற்றி நகர்ந்தாள்.

"செகண்டுல எடுத்திருக்கலாம்" என்றார் மாஸ்டர்.

"செகண்டுலதான் எடுத்தேன்."

அவர் குனிந்து கியரைப் பார்த்தார். செகண்டில்தான் இருந்தது.

தெருமுனை வந்தது. முன்பு அவள் இறங்கி நடந்த அதே முனை. "எத்தனை?" என்று கேட்டார் மாஸ்டர். எதைக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"ஒரு மிதிகூட இல்ல" என்றாள். ரோட்டைப் பார்த்தே ஓட்டினாள். நீரேற்று நிலையம்வரை போய், மரத்தடியில் திருப்பிக்கொண்டு வந்தார்கள். இது எந்த இடம் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் மரத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் நிறுத்தி அணைத்தாள். லேப்டாப்காரர் ஓடிவந்து மறுபடி ஒயரைச் சொருகிப் பார்த்து, எல்லாம் நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறது என்று சொன்னார். மாஸ்டர் மட்டும் இறங்கவில்லை.

"என்னங்க?"

"ரெண்டு காலும் மரத்துப்போச்சு. இருக்கா இல்லையான்னே தெரியல."

அவள் சுற்றி வந்து கதவைத் திறந்து, ஒவ்வொரு காலாகப் பிடித்து வெளியே எடுத்துவிட்டாள். முள்ளாகக் குத்தியது போலிருக்கிறது, மாஸ்டர் பல்லைக் கடித்தார். அந்த வலியிலேயே கேட்டார்.

"நாளைக்குக் காப்பி யாரு போடறது?"

"நானே போடறேன். உங்க மேலதான் தப்பில்லன்னு ஆயிடுச்சே."

மாஸ்டர் யோசித்தார். காலில் மெதுவாக உயிர் வந்துகொண்டிருந்தது.

"இல்ல, நானே போடறேன். பழகிடுச்சு. சக்கரை எவ்வளவுன்னு மட்டும் நீ பக்கத்துல நின்னு சொல்லு."

"சொல்றேன்" என்றாள் மாஸ்டரம்மா. "ஆனா ஸ்பூனைப் புடுங்க மாட்டேன்."